வெம்பன்யாமா, ஹோம்கிரென், மோப்லி, ஷெங்குன்: யாரை நடுவில் நிறுத்தி அணி கட்டுவது?

2025 ஜூன் 23, திங்கட்கிழமை, விடியற்காலை ஐந்தரை மணி. அமெரிக்காவில் அப்போது ஞாயிற்றுக்கிழமை இரவு. அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவின் இறுதிப் போட்டியின் ஏழாவது, கடைசி ஆட்டத்தை, வீட்டில் யாரும் விழித்துக்கொள்ளாதபடி சத்தத்தைக் குறைத்துவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓக்லஹோமா சிட்டி தண்டர் அணியின் செட் ஹோம்கிரென் அன்று 18 புள்ளிகள் எடுத்தார், ஐந்து பிளாக் செய்தார், அதாவது எதிராளி எறிந்த பந்தைக் காற்றிலேயே தட்டிவிட்டார். பிளாக் கணக்கு எழுதத் தொடங்கிய காலத்திலிருந்து, இறுதிப் போட்டியின் ஏழாவது ஆட்டத்தில் வேறு யாரும் அத்தனை செய்ததில்லை. தண்டர் கோப்பையைத் தூக்கிய சில நிமிடங்களில் நண்பரிடமிருந்து செய்தி வந்தது: "இப்போது சொல், வெம்பன்யாமாவா, இவனா?"

அந்தக் கேள்வி அதோடு நிற்கவில்லை. இன்னொருவர் எவான் மோப்லியைச் சேர்த்தார். துருக்கி அணியை விடாமல் பார்க்கும் மூன்றாமவர், அல்பெரென் ஷெங்குன் இல்லாத பட்டியல் பட்டியலே அல்ல என்று சண்டைக்கு வந்தார். நால்வரும் சென்டராக, அதாவது வளையத்தருகே நிற்கும் நெட்டை ஆளாக, ஆடக்கூடியவர்கள்; 2001க்கும் 2004க்கும் இடையில் பிறந்தவர்கள். நால்வருக்கும் குறை உண்டு. ஒரு அணியைக் கட்டும் பொறுப்பு உங்களிடம் வந்தால் யாரை எடுப்பீர்கள்?

## எதை வைத்து எடைபோடுவது

எங்கள் பள்ளி அணியில் சென்டர் என்றால் வகுப்பிலேயே உயரமான பையன். வளையத்துக்குக் கீழே நில், கையை உயர்த்தி வை, பந்து கிடைத்தால் உடனே ஒரு குட்டையனிடம் கொடுத்துவிடு. பயிற்சியாளர் அவனுக்குச் சொன்னது இவ்வளவுதான். சிமென்ட் தரையில் மூன்று வருடம் அதை மட்டுமே செய்துவிட்டு அவன் படிக்கப் போய்விட்டான். இன்றைய சென்டரிடம் கேட்பது வேறு.

முதலில் தடுப்பாட்டம். வளையத்துக்கு அருகில் வருகிறவர்களை விரட்டினால் மட்டும் போதாது. எதிரணிச் சென்டரைக் கூட்டை விட்டு வெளியே இழுப்பதையே அணிகள் தொழிலாக வைத்திருக்கின்றன. ஒரு ஸ்கிரீன் வைத்து (தடுக்க வருகிறவரின் வழியில் ஓர் ஆளை நிறுத்தி), பந்தைக் கொண்டு ஓடும் வேகமான கார்டு ஒருவரோடு அவரைத் திறந்த வெளியில் தனியே மாட்டிவிடுவார்கள். அங்கே கால் பின்னிக்கொள்ளாமல் நிற்க வேண்டும்.

அடுத்தது, பந்து கைக்கு வந்த பிறகு என்ன நடக்கிறது என்பது. தானே வழி உண்டாக்கிக்கொள்கிறவரா, யாராவது ஊட்டிவிட வேண்டியவரா?

மூன்றாவது உடம்பு. உயரமானவனுக்கு அறிவு முழங்காலில் என்று ஊரில் கேலி செய்வார்கள். என்பிஏவில் ஒப்பந்தத் தொகை முழுவதும் அந்த முழங்காலில்தான் இருக்கிறது. 2007இல் புதுமுகத் தேர்வில் போர்ட்லாந்து அணி, பின்னாளில் பெரிய நட்சத்திரமான கெவின் டியூரண்டை விட்டுவிட்டு கிரெக் ஓடனை முதல் ஆளாக எடுத்தது. முழங்கால் அறுவைச் சிகிச்சைகளுக்கு நடுவே ஓடன் என்பிஏவில் ஆடியது மொத்தம் 105 ஆட்டங்கள். ஏழடி ஆறங்குல யாவ் மிங், கால் எலும்பு முறிவுகளோடு போராடி 30 வயதில் ஓய்வை அறிவித்தார். இப்போது 65 ஆட்ட விதியும் சேர்ந்துகொண்டது: ஒரு பருவத்தில் அத்தனை ஆட்டங்கள் ஆடாதவருக்குப் பெரிய விருதுகள் கிடையாது.

நான்காவது அளவுகோலுக்குத்தான் நான் அதிக எடை கொடுக்கிறேன். இவரால் ஆகாததைச் செய்ய யாரைப் பக்கத்தில் வைக்க வேண்டும், அவருக்கு எவ்வளவு சம்பளம்? ஒவ்வொரு நெட்டையரிடமும் ஓர் ஓட்டை இருக்கிறது. அதை அடைக்க அணி இன்னொருவரை விலைக்கு வாங்குகிறது. 2025-26 பருவத்துக்கு ஓர் அணியின் சம்பள வரம்பு சுமார் 15.5 கோடி டாலர். 20.8 கோடியை ஒட்டி 'இரண்டாவது ஏப்ரன்' என்று இன்னொரு கோடு. அதைத் தாண்டினால் அபராத வரி மட்டுமில்லை, இரண்டு ஆட்களின் சம்பளத்தைச் சேர்த்துக் கொடுத்து ஒரு பெரிய ஆளை மாற்றி வாங்கும் உரிமையும் போய்விடும். விவாதங்களில் துணை ஆளின் பெயர் அடிபடுவதே இல்லை. அணி நிர்வாகிகள் தூக்கம் கெடுவது அவரால்தான்.

2024-25 பருவக் கணக்கு, ஆட்டத்துக்குச் சராசரியாக (ரீபவுண்ட் என்றால் உள்ளே போகாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது, அசிஸ்ட் என்றால் கூட்டாளி புள்ளி எடுக்கும்படி பந்து கொடுப்பது):

| | வெம்பன்யாமா | ஹோம்கிரென் | மோப்லி | ஷெங்குன் |
|---|---|---|---|---|
| ஆடிய ஆட்டங்கள் | 46 | 32 | 71 | 76 |
| புள்ளிகள் | 24.3 | 15.0 | 18.5 | 19.1 |
| ரீபவுண்ட் | 11.0 | 8.0 | 9.3 | 10.3 |
| அசிஸ்ட் | 3.7 | 2.0 | 3.2 | 4.9 |
| பிளாக் | 3.8 | 2.2 | 1.6 | 0.8 |
| மூன்று புள்ளி எறிதலில் வெற்றி, நூற்றுக்கு | 35 | 38 | 37 | 23 |

## விக்டர் வெம்பன்யாமா, சான் அன்டோனியோ ஸ்பர்ஸ்

பாரிஸ் பக்கத்துப் பையன். 2023 புதுமுகத் தேர்வில் முதல் ஆள். உயரம் ஏழடி மூன்றங்குலம், கைகளை விரித்தால் எட்டடி. முதல் பருவத்தில் சிறந்த புதுமுக விருதை ஒரு வாக்குக்கூடச் சிதறாமல் பெற்றார். புதுமுகமாக இருக்கும்போதே என்பிஏவின் தடுப்பாட்ட முதல் ஐவரில் இடம் பிடித்தவர் அவருக்கு முன் யாரும் இல்லை.

எல்லோரும் அவருடைய பிளாக்குகளை எண்ணுகிறார்கள். எனக்குப் பிடித்தது பிளாக்கே ஆகாத பந்துகள். எதிரணிக் கார்டு ஸ்கிரீனைச் சுற்றி உள்ளே நுழைகிறார், இரண்டு அடி வைக்கிறார், நிமிர்ந்து பார்க்கிறார், வந்த வழியே திரும்பிப் பந்தை வெளியே கொடுத்துவிடுகிறார். எட்டடிக் கை எங்கே முடிகிறது என்று அவருக்குக் கணக்குப் போட முடியவில்லை. புள்ளிவிவரப் பட்டியலில் இதற்குக் கட்டம் கிடையாது.

இனி மறுபக்கம். அவர் வருவதற்கு முந்தைய பருவத்தில் ஸ்பர்ஸ் 22 வெற்றி, 60 தோல்வி. அவர் வந்த பருவத்தில்? 22 வெற்றி, 60 தோல்வி. நூற்றாண்டுக்கு ஒருமுறை வரும் ஆட்டக்காரர் என்று சொல்லப்பட்டவர் வந்தும் அட்டவணையில் ஓர் எண் நகரவில்லை. காரணம் தெளிவானது. பருவத்தின் தொடக்கத்தில் ஃபார்வர்டான ஜெரமி சோஹனைப் பாயிண்ட் கார்டாக, அதாவது பந்தைக் கொண்டுவந்து பிரித்துக்கொடுக்கும் ஆளாக, வைத்துப் பரிசோதித்தார்கள், வெம்பன்யாமாவைச் சென்டர் இடத்திலிருந்து நகர்த்திவைத்தார்கள். மைதானத்திலேயே உயரமானவர் கையை உயர்த்திக்கொண்டு நிற்பார், பந்து வராது. டிசம்பரில் அவரைச் சென்டராக்கி, பிறகு டிரே ஜோன்ஸ் என்ற முறையான பாயிண்ட் கார்டைத் தொடக்க ஐவரில் சேர்த்த பிறகே பந்து கைக்கு ஒழுங்காக வந்து சேர்ந்தது. வளையத்துக்கு மேலே பந்தைத் தூக்கிப்போடத் தெரிந்த ஒருவர் இல்லாமல் அவருடைய உயரத்தில் பாதி வீண்.

அப்படியானால் துணை ஆளின் விலை என்ன? 2024-25இல் 39 வயது கிறிஸ் பாலை ஓராண்டுக்குக் கொண்டுவந்தார்கள். 2025 பிப்ரவரியில் டியாரன் ஃபாக்ஸை வாங்கினார்கள், அடுத்த கோடையில் அவருக்கு நான்கு ஆண்டுக்கு 22.9 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்தார்கள். வெம்பன்யாமா தன் முதல் ஒப்பந்தத்தில் 2025-26இல் வாங்குவது சுமார் 1.34 கோடிதான். பெண் சாதாரணச் சேலையில் நிற்க, தோழிக்குப் பட்டெடுத்த கதை. இந்த மலிவும் நீடிக்காது. 2026 கோடையில் அவர் புதிய ஒப்பந்தம் பேசலாம், 2027-28 முதல் அது நடைமுறைக்கு வரும். அதற்குள் அணியைக் கட்டி முடிக்க வேண்டும்.

ஆட்டத்தில் எனக்கு இருக்கும் ஒரே பெரிய வருத்தம் தூரத்து எறிதல்கள். 2024-25இல் ஆட்டத்துக்கு ஒன்பதை நெருங்கும் அளவுக்கு மூன்று புள்ளி முயற்சிகள். நூற்றுக்கு 35 உள்ளே போவது மோசமில்லை. ஆனால் ஃப்ரீ த்ரோவை, அதாவது எதிராளியின் தவறுக்காகக் கிடைக்கும் தடையில்லாத எறிதலை, நூற்றுக்கு 83க்கு மேல் உள்ளே போடுகிற ஒருவர், ஆட்டத்துக்கு நான்கையொட்டித்தான் அந்தக் கோட்டுக்குப் போகிறார். மெலிந்த உடம்பைப் பாரமான சென்டர்கள் தோளால் முட்டி வெளியே தள்ளுகிறார்கள், அவரும் தள்ளப்பட்ட இடத்திலிருந்தே எறிந்துவிடுகிறார். பந்தைத் தவறவிடுவதும் ஆட்டத்துக்கு மூன்றுக்கு மேல். இந்த இரண்டும் வயதோடு தேறக்கூடியவை என்பது என் கணிப்பு.

உடம்பைப் பற்றிப் பயந்தவர்கள் எல்லோரும் கால் எலும்பைப் பற்றித்தான் பயந்தார்கள். வந்தது வேறு. 2025 பிப்ரவரியில் வலது தோளில் ஆழ்நரம்பு இரத்த உறைவு. பருவம் முடிந்தது. ஃபாக்ஸோடு அவர் அதுவரை ஆடியிருந்தது ஐந்தே ஆட்டங்கள். ஜூலையில் மருத்துவர்கள் மீண்டும் ஆட அனுமதி கொடுத்தார்கள். இடையில் சீனாவின் ஷாவோலின் மடத்துக்குப் போய் மொட்டை அடித்துக்கொண்டு துறவிகளோடு பயிற்சி செய்துவிட்டு வந்தார். படங்களைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் நம்பிக்கையும் வந்தது.

## செட் ஹோம்கிரென், ஓக்லஹோமா சிட்டி தண்டர்

ஏழடி ஒரு அங்குலம், எடை 94 கிலோவை ஒட்டி. 2022இல் இரண்டாவது தேர்வு. எடுத்த சில வாரங்களில், சியாட்டிலில் நடந்த ஒரு கோடைக்கால ஆட்டத்தில் லெப்ரான் ஜேம்ஸைத் தடுக்கப் போய் வலது பாதம் உடைந்தது. ஒரு முழுப் பருவம் போனது. அடுத்த பருவத்தில் 82 ஆட்டங்களில் 82ம் ஆடினார். அதற்கடுத்த பருவத்தில், 2024 நவம்பரில், கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. பாதி உடைந்து பாதி ஆடிய இந்த வரலாற்றை வைத்துக்கொண்டு யாரும் உறுதியாக எதையும் சொல்லிவிட முடியாது.

அவரிடம் இருப்பது பொருத்தம். வெளியே நின்றால் நூற்றுக்கு 37, 38 உள்ளே போகிறது. அதனால் எதிரணிச் சென்டர் வளையத்தை விட்டு அவரோடு வெளியே வர வேண்டும், ஷாய் கில்ஜியஸ் அலெக்சாண்டருக்கு உள்ளே பாதை திறக்கும். மறுமுனையில் அதே ஆள் வளையத்தைக் காக்கிறார். இரண்டையும் ஒருவரே செய்வது அபூர்வம்.

ஓட்டை, பாரம். 2024 பிளேஆஃபில், அதாவது பருவ முடிவில் கோப்பைக்காக நடக்கும் தொடர்களில், டல்லாஸின் கனத்த சென்டர்கள் வளையத்தடியில் தண்டரை இடித்துத் தள்ளினார்கள், ஆறு ஆட்டத்தில் தொடர் முடிந்தது. அந்தக் கோடையிலேயே தண்டர் ஐசாயா ஹார்டன்ஸ்டைனை மூன்று ஆண்டுக்கு 8.7 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. துணை ஆளின் ரசீது இதுதான். அடுத்த ஆண்டு கோப்பை வந்துவிட்டதால் விலையைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ஆனால் அந்தப் பருவத்தில் ஹோம்கிரென் 50 ஆட்டங்கள் இல்லாமலும் தண்டர் 68 ஆட்டங்களை வென்றது. இதை அவருக்கு எதிரான சாட்சியாக நண்பர் ஒருவர் காட்டுகிறார். நான் அவ்வளவு கடுமையாக இல்லை. ஆனாலும் ஏற்கெனவே ஓடும் வண்டியை வேகமாக்குகிறவர் அவர். நின்ற வண்டியைத் தள்ளிக் கிளப்பியதை நாம் இன்னும் பார்க்கவில்லை. 2025 ஜூலையில் ஐந்தாண்டு உச்சவரம்பு ஒப்பந்தம் கிடைத்துவிட்டது, சுமார் 24 கோடி டாலர். மலிவுக்காலம் முடிந்தது.

## எவான் மோப்லி, கிளீவ்லாந்து காவலியர்ஸ்

நால்வரில் வெளியில் நின்று தடுப்பதில் இவர்தான் முதல். கார்டுகளோடு திறந்த வெளியில் மாட்டிவிட்டால் வெம்பன்யாமாகூடச் சில சமயம் கையை நம்பிக் காலைக் கோட்டை விடுவார். மோப்லியின் கால்கள் பின்னுவதில்லை. கென்னி அட்கின்சன் 2024இல் பயிற்சியாளராக வந்து, பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு தானே ஓடட்டும் என்று விட்டார், வெளியிலிருந்து எறியவும் விட்டார். அந்தப் பருவத்தில் காவலியர்ஸ் 64 ஆட்டங்களை வென்றது.

அதே பருவத்தின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதும் மோப்லிக்கே. இதன் பின்னால் நடந்தது, மறைமுகச் செலவு என்றால் என்ன என்பதற்குப் பாடம்போல் இருக்கிறது. அந்த விருது வெம்பன்யாமாவுக்குத்தான் என்று பிப்ரவரிவரை எழுதிக்கொண்டிருந்தார்கள். இரத்த உறைவு வந்தது, 65 ஆட்ட விதியில் அவர் விழுந்தார், விருது மோப்லியிடம் வந்தது. மோப்லியின் ஒப்பந்தத்திலோ, இந்த விருதை வென்றால் சம்பளம் அணி வரம்பில் 25 விழுக்காட்டிலிருந்து 30 விழுக்காடாக உயரும் என்று எழுதியிருந்தது. ஐந்தாண்டுக்கு 22.4 கோடியாக இருந்த தொகை 26.9 கோடியானது. சான் அன்டோனியோவில் ஒருவர் தோளில் உறைந்த இரத்தத்துக்கு கிளீவ்லாந்தில் நாலரைக் கோடி டாலர் பில். ஏற்கெனவே டோனவன் மிட்சலுக்கும் டாரியஸ் கார்லாண்டுக்கும் பெருந்தொகை கொடுத்துக்கொண்டிருந்த அணி, 2025-26 பருவத்துக்குள் நுழையும்போதே இரண்டாவது ஏப்ரனைத் தாண்டி நின்றது.

துணை ஆள் ஜேரட் ஆலன், 2025-26 வரை ஆண்டுக்கு 2 கோடி. 2023இல் நியூயார்க் நிக்ஸிடம் முதல் சுற்றிலேயே தோற்ற தொடரில் மிட்சல் ராபின்சன் இவர்கள் இருவர் தலைக்கு மேலேயே பந்துகளைப் பறித்துக்கொண்டு போனார். இரண்டு நெட்டையர்கள் இருந்தும் அப்படி. மோப்லியைத் தனிச் சென்டராக வைத்தால் என்ன ஆகும் என்ற பயம் அங்கிருந்து தொடங்கியது. 2025இல் இந்தியானாவிடம் 4-1 என்று தோற்றபோது காயங்களும் இருந்தன, அதில் ஓர் ஆட்டத்தில் மோப்லியே ஆடவில்லை. ஆனாலும் ஆட்டம் கையை விட்டுப் போகும் நேரத்தில் பந்தை என்னிடம் கொடுங்கள் என்று கேட்கிற குணம் அவரிடம் இன்னும் வரவில்லை.

## அல்பெரென் ஷெங்குன், ஹூஸ்டன் ராக்கெட்ஸ்

கருங்கடல் கரையில் கிரேசுன் நகரத்துக்காரர். 18 வயதில் துருக்கி லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதை வென்றவர், அதே 2021இல் என்பிஏவில் 16ஆவது ஆளாகத்தான் எடுக்கப்பட்டார். எடுத்த அணி எது தெரியுமா? தண்டர். அன்றைக்கே வருங்காலத்தில் இரண்டு புதுமுகங்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமைக்கு ஈடாக அவரை ஹூஸ்டனிடம் கொடுத்துவிட்டது. மறு ஆண்டு ஹோம்கிரெனை எடுத்தது. நம் கேள்விக்குத் தண்டர் தன் பதிலை எப்போதோ சொல்லிவிட்டது.

ஷெங்குன் தரையில் விளையாடும் நெட்டையர். வளையத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார், தோளை ஒரு பக்கம் அசைப்பார், எதிராளி அந்தப் பக்கம் சாய்வார், பந்து மறுபக்கம் வெட்டி ஓடுகிறவன் கையில் இருக்கும். பட்டியலின் அசிஸ்ட் வரிசையில் அவர்தான் முதலிடம். மற்ற மூவருக்கும் ஊட்டிவிட ஒரு கார்டு வேண்டும், இவர் மற்றவர்களுக்கு ஊட்டுகிறார். 2025 யூரோபாஸ்கெட்டில் துருக்கியை இறுதிவரை இழுத்துக்கொண்டு போனார். ஜெர்மனியிடம் 88-83 என்று தோற்ற அந்த இறுதி ஆட்டத்தில் 28 புள்ளிகள் அவருடையவை.

குறைகளை மறைக்கவே முடியாது. ஆட்டத்துக்கு ஒரு பிளாக்கூட இல்லை. தூரத்திலிருந்து நூற்றுக்கு 23. ஃப்ரீ த்ரோவும் 69 விழுக்காடுதான். அவர் உள்ளே நிற்பதால் எதிரணிச் சென்டரும் உள்ளேயே நிற்கலாம், பாதை அடைபடும். எனவே சுற்றி நான்கு பேரில் மூன்று பேராவது எறியத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும், தடுப்பில் அவர் விடுகிற இடத்தை மூடுகிறவர்களாகவும் இருக்க வேண்டும். ஹூஸ்டனுக்கு ஆமென் தாம்சன் போன்ற காலுள்ள தடுப்பாட்டக்காரர்கள் கிடைத்தார்கள், ஸ்டீவன் ஆடம்ஸை அவர் பக்கத்தில் நிறுத்தி ஸோன் தடுப்பும் (ஆளைப் பின்தொடராமல் ஆளுக்கொரு பகுதியைக் காப்பது) ஆடிப் பார்த்தார்கள். 2024-25இல் 52 வெற்றி வந்தது. முதல் சுற்றில் கோல்டன் ஸ்டேட்டிடம் ஏழாவது ஆட்டத்தில் விழுந்தார்கள்.

முதல் ஒப்பந்தம் முடிந்த மூவரில் விலையில் அவரை யாரும் வெல்ல முடியாது: ஐந்தாண்டுக்கு 18.5 கோடி. மோப்லியோடு ஒப்பிட்டால் எட்டுக் கோடிக்கு மேல் மிச்சம். ஒரு நல்ல துணை ஆள் அந்த மிச்சத்திலேயே வந்துவிடுவார். 76 ஆட்டங்கள் ஆடிய உடம்பு கூடுதல் லாபம்.

## எந்த அணிக்கு யார்

கையில் ஒன்றுமில்லாத அணி, பொறுமையுள்ள உரிமையாளர், நான்கைந்து ஆண்டு அவகாசம் என்றால் வெம்பன்யாமாவைத் தவிர வேறு பெயரை நான் சொல்ல மாட்டேன். நல்ல பாயிண்ட் கார்டுக்கு முன்பணத்தை இப்போதே எடுத்துவைக்க வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு.

புள்ளி எடுக்கிற நட்சத்திரம் ஏற்கெனவே இருந்து, அவருக்குப் பாதை திறந்துவிட ஆள் வேண்டுமானால் ஹோம்கிரென். நட்சத்திரம் இல்லாத அணிக்கு அவரை எடுத்துக்கொடுக்க மாட்டேன்.

உண்மையான சண்டை மோப்லிக்கும் ஷெங்குனுக்கும் இடையில்தான். பிளேஆஃப் என்று வந்தால் எதிரணிகள் பலவீனமான தடுப்பாட்டக்காரனைத் தேடித் தேடி அடிப்பார்கள், அந்தத் தேடலில் மோப்லி மாட்ட மாட்டார், ஷெங்குன் மாட்டுவார். அதனால் இரண்டு நல்ல கார்டுகள் கைவசம் உள்ள அணிக்கு மோப்லி. நல்ல பாயிண்ட் கார்டே இல்லாத, செலவுக்கு அஞ்சுகிற அணிக்கு ஷெங்குன். இரண்டு நிபந்தனையும் பொருந்தாத இடத்தில் நான் மோப்லியைத்தான் எடுப்பேன், ஆட்டம் பார்ப்பது மட்டும் ஷெங்குனுடையதாக இருக்கும்.

இதை நண்பர்களுக்கு எழுதி அனுப்பினேன். துருக்கி ரசிகர் படித்துவிட்டு, யூரோபாஸ்கெட் இறுதி ஆட்டத்தின் காணொளியை மட்டும் திருப்பி அனுப்பினார், ஒரு சொல்லும் சேர்க்காமல். ஏழாவது ஆட்டத்து விடியற்காலையில் கேள்வி கேட்டவர் இன்னும் ஹோம்கிரென் பக்கமே நிற்கிறார்.